சுழல்துப்பாக்கியும் சுயசரிதையும்

ஒரு பொருளுக்கு விலை எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி பொருளாதார நூலாருக்கு மட்டும் உரியதன்று; இலக்கியம் பயில்வோருக்கும் அது உரியதே. இதனை எமக்கு நினைவூட்டியவன் எம்மிடம் தமிழ் கற்கும் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன். குருநாகலிலிருந்து தம்புள்ளை செல்லும் பெருவீதியில் அமைந்துள்ள எமது கலேவெலயில், காய்கறி பயிரிட்டும் அதனைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றியும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளே எம் வகுப்பிற் பலர். அவர்களுள் ஒருவனான அவன் இடைவேளையில் எம்மை அணுகி, "சேர், ஒரு பழைய றிவோல்வர் அறுபது இலட்சம் டொலருக்குப் போயிருக்காம். அது தங்கத்துலயா செஞ்சது?" என்று வினவினான்.

தங்கத்தால் ஆனதன்று, இரும்பால் ஆனதுதான் என்றோம்.

"அப்ப ஏன் சேர் அவ்வளவு வெல?"

மணி அடித்தது. அவன் ஓடிவிட்டான். அவனுக்கு அன்று நாம் கூறாத விடையே இக்கட்டுரை. ஒரு துப்பாக்கியில் தொடங்கும் இது சில நூல்களில் வந்து முடியும். அவ்வாறு முடிவது தற்செயலன்று என்பதைக் காட்டுவதே எமது நோக்கம்.

1

மாணவன் கேள்வியுற்ற செய்தி மெய்யானதே. 2021 ஆகஸ்ட் மாதத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பொன்ஹம்ஸ் என்னும் ஏல நிறுவனம் ஒரு கோல்ட் சுழல்துப்பாக்கியை அறுபது இலட்சத்து முப்பதினாயிரம் டொலருக்கு விற்றது. 1881 ஜூலை 14ஆம் நாள் இரவு, நியூ மெக்சிக்கோவின் போர்ட் சம்னரில், பாட் கரெட் என்னும் ஷெரிப் 'பில்லி த கிட்' என்னும் இளைஞனைச் சுட்டுக்கொன்ற துப்பாக்கி அது.

இவ்வகைத் துப்பாக்கி அருமையான பொருளன்று. கோல்ட் நிறுவனம் 1873ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த இந்த மாதிரியைத் தன் ஹார்ட்போர்ட் தொழிற்சாலையிற் பல்லாயிரக்கணக்கில் வார்த்து விற்றது. தொழிலாளர் கைகளில் ஒரே அச்சாக உருவாகி வந்த அத்துப்பாக்கிகளுள் ஒன்றுக்குச் சில ஆயிரம் டொலரும், அதன் உடன்பிறப்பு ஒன்றுக்கு அறுபது இலட்சம் டொலரும் விலையாவதன் காரணத்தை இரும்பிலே தேடிப் பயனில்லை. காரணம் காகிதத்தில் இருக்கின்றது. பழந்துப்பாக்கி வாங்குவோர் முதலிற் கேட்பது அதன் மரபுச் சான்றையே. இன்ன இலக்கமுடைய துப்பாக்கி இன்ன நாளில் இன்ன ஊர் வணிகனுக்கு அனுப்பப்பட்டது எனத் தொழிற்சாலையின் பழைய பேரேட்டைப் பார்த்து எழுதித் தரும் கடிதம் ஒன்று உண்டு. பின் அது யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதற்குக் கடிதங்களும் சத்தியக் கூற்றுகளும் வேண்டும்.

இவ்வாவணங்களை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்பதைப் பேரேடு கூறும். அது யாரை நோக்கி நீட்டப்பட்டது என்பதைக் கூறாது. உடையவனுக்குச் சான்றிதழ் உண்டு. உயிரிழந்தவனுக்கு அது இல்லை. இவ்வெற்றிடத்தை நிரப்ப ஒரு கதை வேண்டியிருக்கின்றது. அக்கதையை எழுதுவோன் எழுத்தாளன்.

கரெட் இதனை நன்கறிந்திருந்தார் போலும். சுட்டதற்கு அடுத்த ஆண்டே, 1882இல், பில்லியின் 'மெய்யான வரலாறு' எனத் தலைப்பிட்ட நூலொன்று அவர் பெயரில் வெளிவந்தது. அதன் பெரும்பகுதியை எழுதியவர் அவருடைய நண்பரான ஆஷ் அப்சன் என்னும் பத்திரிகையாளர் என்பது இன்று ஆய்வாளர் பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிபு. கொன்றவனே கொல்லப்பட்டவனின் வரலாற்றாசிரியனாகவும் ஆயினான். அறுபது இலட்சம் டொலருக்கான முதல் தவணையை அந்நூல் அன்றே செலுத்திவிட்டது எனலாம்.

2

கரெட்டாவது சட்டத்தின் சின்னத்தைச் சட்டையில் அணிந்திருந்தவர். சட்டச் சின்னமின்றிக் கம்பனியின் சம்பளத்தை மட்டும் நம்பித் துப்பாக்கி ஏந்தியோரின் வரலாறு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அவர்களுட் பெயர்பெற்றவர் டொம் ஹோர்ண்.

ஹோர்ண் 1860ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். பதினான்கு வயதளவில் வீட்டை விட்டோடியவர். அரிசோனாவில் அமெரிக்க இராணுவத்துக்கு வேவுகாரராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். அப்பாச்சி மக்களின் தலைவர் ஜெரோனிமோ 1886இற் சரணடைந்த நிகழ்ச்சியோடு அவர் பெயரும் பேசப்படுகின்றது. பின்பு தொழிற்சங்கங்களுக்கு எதிராக முதலாளிகளுக்கு ஊழியம் புரிந்து பேர்போன பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலைசெய்தார். அதன்பின்னரே வயோமிங் மாநிலத்துப் பெருங்கால்நடைக் கம்பனிகளின் ஆளானார்.

அக்கம்பனிகளுள் ஒன்று 'ஸ்வான் நில, கால்நடைக் கம்பனி'. 1883இல் எடின்பரோ நகரில் ஸ்கொட்லாந்து முதலீட்டாளரின் பணத்தைக் கொண்டு அது பதிவு செய்யப்பட்டது. எடின்பரோ என்னும் பெயர் மலையகத்தின் வரலாறு அறிந்த வாசகருக்கு அந்நியமானதன்று. 1867இல் லூல்கந்துரையில் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரரே. ஒரே நாட்டுச் சேமிப்பு ஒருபுறம் வயோமிங்கின் புல்வெளியிலும் மறுபுறம் எமது மலைகளிலும் இலாபந் தேடிற்று. வானிலையும் பயிரும் வேறாயினும் பங்குக்காரரின் எதிர்பார்ப்பு ஒன்றே.

வயோமிங்கில் நிகழ்ந்த மோதலின் அடிப்படை எளியது. கம்பனிகள் தம் மந்தைகளை மேய்த்தது தமக்கு உரித்தான நிலத்தில் மட்டுமன்று. அரசுக்குச் சொந்தமான பொது மேய்ச்சல் நிலத்தில் இலவசமாக மேய்த்தன. (அந்நிலமும் பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டதே என்பதை ஈண்டு மறத்தலாகாது.) 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்படி 160 ஏக்கர் பெற்று வந்த சிறுகுடியானவர், நீர்நிலைகளை அடுத்து வேலி கட்டத் தொடங்கினர். 1886-87ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் மந்தைகள் பெருவாரியாக மடிந்தன. கம்பனிகளின் இலாபம் சரிந்தது. பங்குக்காரருக்குச் சமாதானம் கூறக் 'கள்வன்' ஒருவன் தேவைப்பட்டான். மாட்டுக் கள்வர் இல்லாமலில்லை. ஆயினும் சிறுகுடியானவன் ஒவ்வொருவனும் கள்வனே என்ற எண்ணம் கம்பனிக் கணக்கேடுகளுக்கு வசதியாயிருந்தது. அந்த வசதியின் துப்பாக்கி முனைதான் ஹோர்ண்.

1895இல் அயர்ன் மவுண்டன் பகுதியில் லூயிஸ், பவல் என்னும் இரு குடியானவர் மறைவிலிருந்து சுடப்பட்டு இறந்தனர். 1900ஆம் ஆண்டில் கொலராடோவில் மாற் ராஷ் என்பவரும், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவரான ஐசம் டார்ட் என்பவரும் அதேபோல் மடிந்தனர். நான்கு கொலைகளும் ஹோர்ணின் வேலையே என மக்கள் கூறினர். வரலாற்றாசிரியருட் பலரும் அவ்வாறே கருதுகின்றனர். எனினும் அவற்றின் பொருட்டு அவர் ஒருமுறையேனும் தண்டிக்கப்படவில்லை.

1901 ஜூலை 18ஆம் நாள், செம்மறி வளர்த்த கெல்ஸ் நிக்கெல் என்பவரின் மகன் வில்லி, தந்தையின் குதிரை மீது சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டான். அவனுக்கு வயது பதினான்கு. எம் வகுப்பிற் கேள்வி கேட்டவனின் வயதை அடுத்தது. 1902 ஜனவரியில் லெபோர்ஸ் என்னும் அதிகாரி ஹோர்ணைப் பேச்சில் ஈடுபடுத்த, கதவுக்குப் பின்னால் மறைந்திருந்த சுருக்கெழுத்தாளர் அப்பேச்சை எழுதிக்கொண்டார். மதுவின் மயக்கத்தில் வெளிவந்த அத்தற்பெருமையே ஒப்புதல் வாக்குமூலமாயிற்று. 1903 நவம்பர் 20ஆம் நாள், நாற்பத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் ஷையென் நகரில் தூக்கிலிடப்பட்டார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் சிறையினின்று தப்ப முயன்றபோது நிகழ்ந்ததாகக் கூறப்படுவது ஒன்றுண்டு. காவலரிடமிருந்து அவர் பறித்தது புதுவகைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி. அதன் பாதுகாப்புப் பொறியை நீக்கும் முறை தெரியாமையால் அவர் தெருவிலே பிடிபட்டார் என்பர். பழைய ஆயுதத்தின் மனிதர் புதிய ஆயுதத்திற்குப் பயன்படாதவராயினார். கம்பனிகளுக்கும் அவ்வாறே ஆயினார்.

3

ஹோர்ண் சிறையிலிருந்த காலத்தில் தம் சுயசரிதையை எழுதினார். அவர் இறந்தபின், 1904இல், அது டென்வரில் நூலாக வெளிவந்தது. இலக்கிய மாணவரின் கவனத்திற்கு உரியது இந்நூலே.

நடை தெளிவானது. எள்ளலும் தற்பெருமையும் கலந்த வாய்மொழிக் கதைப்போக்கு வாசகனைக் கட்டி நிறுத்தும். மிசூரிப் பிள்ளைப் பருவம், வேட்டை நாய், தந்தையின் அடி, அரிசோனாப் பாலை, அப்பாச்சி மக்களின் மொழியும் வழக்கமும் ஆகிய யாவும் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் பக்கங்களைப் புரட்டப் புரட்ட ஒரு விந்தை புலனாகும். மனிதர் எத்தொழிலால் பேர்பெற்றாரோ, எத்தொழிலின் பொருட்டுத் தூக்குமரம் ஏறினாரோ, அத்தொழிலைப் பற்றி நூல் மௌனம் சாதிக்கின்றது. பிங்கர்ட்டன் காலம் விரைந்து முடிகின்றது. ஸ்வான் கம்பனிக்கு வந்து சேர்ந்த செய்தியோடு, அதற்குப் பிற்பட்ட வாழ்வை மற்றவர்களே நன்கறிவர் என்ற பொருள்பட எழுதி அவர் நிறுத்திவிடுகின்றார். இறுதிப் பத்தாண்டு நூலில் இல்லை.

தலைப்பிலேயே இம்மறைப்பு தொடங்கிவிடுகின்றது. அதில் அவர் 'அரசாங்க வேவுகாரரும் மொழிபெயர்ப்பாளரும்' ஆவார். கம்பனியின் பெயருக்கு அங்கே இடமில்லை. நூல் ஒரு 'நிரபராத நிரூபணம்' என்றும் முகப்பிலே அறிவிக்கப்படுகின்றது. அதனை வெளியிட முன்னின்றவர் ஜோன் கோபிள் என்னும் பெரும்பண்ணையார். ஹோர்ணை வேலைக்கு வைத்திருந்தவரும் அவரே. வேலை கொடுத்தவரே நூலையும் பதிப்பித்தார். எனவே அந்த மௌனத்தை ஆசிரியனின் கூச்சம் என்று நாம் கொள்ள இயலாது. அது பதிப்பாளருக்குச் செய்யப்பட்ட இறுதி ஊழியம்.

'சொல்லப்பட்டதைப் படி' என்பது பழைய திறனாய்வின் விதி. சொல்லப்படாததையும் படி என்பது எமது விதி. ஒரு சுயசரிதையின் இடைவெளிகள் பெரும்பாலும் யாரேனும் ஒருவருடைய நலனின் அளவுக்கு வெட்டப்பட்டிருக்கும். ஹோர்ண் தம்மை ஏவியோர் ஒருவர் பெயரையும் வெளியிடாமலே இறந்தார். அதனை வீரம் என்று புகழ்வோர் உளர். விசுவாசம் என்பது யாருக்குச் செய்யப்படுகின்றது என்று கேளாது அதனைப் புகழ்வது திறனாய்வாகாது.

ஹோர்ண்தான் சிறுவனைக் கொன்றாரா என்ற ஐயம் இன்றும் தீர்ந்தபாடில்லை. 1993இல் ஷையெனில் நடத்தப்பட்ட மாதிரி மறுவிசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. இவ்வையம் நியாயமானதே. மதுமயக்கத்தில் பிறந்த வாக்குமூலத்தை நம்பி ஒருவனைத் தூக்கிலிடுவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் நூற்றாண்டுக்கு மேலாக 'அவர் சுட்டாரா, சுடவில்லையா?' என்னும் ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே எழுதப்பட்டுவந்த நூல்கள், 1980இல் ஸ்டீவ் மக்குவீன் நடித்து வெளிவந்த திரைப்படம் உட்பட, 'கூலி கொடுத்தது யார்?' என்னும் கேள்வியைப் பின்னே தள்ளிவிட்டன. துப்பாக்கி பிடித்தவன் வீரனோ வில்லனோ ஆகலாம். அவன் தனியனாய் இருக்கும்வரை கம்பனிக்குக் கவலையில்லை.

4

ஹோர்ணின் வரலாற்றில் ஒரு பள்ளி ஆசிரியையும் இருக்கின்றார். அயர்ன் மவுண்டன் பள்ளியிற் கற்பித்த கிளெண்டொலின் கிம்மெல் என்பவர், ஹோர்ண் நிரபராதி எனச் சத்தியக் கூற்று அளித்தார். அச்சுயசரிதையின் பிற்சேர்க்கையிலும் அவருக்காக எழுதினார். அவர் உண்மையை உணர்ந்தே எழுதியிருக்கலாம். நாம் அவரைப் பழிக்கவில்லை. எனினும், கம்பனி அடியாளின் கதைக்கு ஆசிரியை ஒருவரின் கையொப்பம் ஏன் இவ்வளவு பயன்பட்டது என்பதை ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

இதே வடிவத்தைப் புனைகதையிலும் காண்கின்றோம். ஓவன் விஸ்டர் எழுதி 1902இல் வெளிவந்த 'த வெர்ஜீனியன்' நாவல் அமெரிக்கக் குதிரைவீரர் கதைகளுக்கெல்லாம் மூலநூல் எனப் போற்றப்படுவது. தியடோர் ரூஸ்வெல்ற்றுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதன் நாயகன், மாடு திருடினான் எனத் தன் பழைய நண்பனையே விசாரணையின்றித் தூக்கிலிடுகின்றான். நாயகியோ கிழக்கிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை. அவள் மனச்சாட்சி துணுக்குறுகின்றது. அப்போது பெரும்பண்ணையாரும் நீதிபதியுமான பாத்திரம் ஒன்று அவளுக்கு நீண்ட விளக்கம் கூறி, விசாரணையற்ற அக்கொலை நீதியே எனத் தெளிவிக்கின்றது. ஆசிரியை இணங்கியபின் கதை இனிதே நடைபெறுகின்றது. கொலை அவள் சம்மதமின்றியும் நடந்துவிடும். காவியமாவதற்கே அவள் சம்மதம் வேண்டியிருக்கின்றது.

நாவலின் பின்னணி கற்பனையன்று. 1892 ஏப்ரலில் வயோமிங்கின் பெருங்கால்நடைச் சங்கத்தார், டெக்சாசிலிருந்து கூலிக்குத் திரட்டிய துப்பாக்கிக்காரரையும் சேர்த்து, ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட படையொன்றைத் தனிப் புகையிரதத்தில் ஜோன்சன் கவுண்டி நோக்கி அனுப்பினர். கொல்லப்பட வேண்டியோரின் பெயர்ப்பட்டியல் அவர்களிடம் இருந்தது. படைத்தலைவருள் ஒருவர் மேஜர் வூல்கொட். ஏழாண்டுகளுக்கு முன், 1885இல், இளைஞரான விஸ்டர் முதன்முறை வயோமிங் வந்தபோது தங்கியது இவ்வூல்கொட்டின் பண்ணையிலேயே. விருந்துண்ட வீட்டின் நியாயம் நாவலின் நியாயமாயிற்று.

படையில் இருந்த இன்னொருவர் பிராங்க் கான்டன். ஜோசையா ஹோர்ணர் என்னும் இயற்பெயருடன் டெக்சாசிற் குற்றங்கள் புரிந்து, பெயரை மாற்றி, அதே கவுண்டியின் ஷெரிப்பாகி, பின் பெரும்பண்ணையாரின் துப்பறிவாளரானவர். இறுதியில் ஒக்லஹோமா மாநிலப் படையின் உயர்பதவி வரை உயர்ந்தார். அவரும் சுயசரிதை எழுதினார். அது 1930இல் வெளிவந்தது. அதிலும் பழைய பெயர் மறைக்கப்பட்டிருக்கின்றது. கம்பனி அடியாட்களின் சுயசரிதைகள் தனியொரு இலக்கிய வகையெனில், மறதியே அவ்வகையின் முதல் இலக்கணம்.

ஏப்ரல் 9ஆம் நாள், சிறு கால்நடையாளரின் சங்கத்திற்குத் தலைமை தாங்கிய நேட் சாம்பியன் என்பவரையும் அவர் தோழர் நிக் ரேயையும் அப்படை சுற்றி வளைத்துக் கொன்றது. பல மணிநேரம் தனித்து எதிர்த்த சாம்பியன், எரியவிருந்த குடிசைக்குள் இருந்து ஒரு சிறு குறிப்பேட்டில் நிகழ்வனவற்றை எழுதிக்கொண்டிருந்தார். அக்குறிப்பு பின்னர்ச் செய்தித்தாளில் வெளிவந்தது. கொல்லப்படுபவன் தானே எழுதிய இச்சில பக்கங்களை ஹோர்ணின் நூலோடும் கான்டனின் நூலோடும் ஒப்பிட்டு நோக்குக. ஒன்று தன்னைச் சூழ்ந்திருப்பதைக் கூறுகின்றது. மற்றவை தம்மைச் சூழ்ந்திருந்ததை மறைக்கின்றன.

அடுத்து நிகழ்ந்ததே முக்கியமானது. செய்தி பரவியதும் பபலோ என்னும் சிற்றூரிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் இருநூறுக்கு மேற்பட்ட மக்கள் திரண்டு, படையெடுத்து வந்தோரை ஒரு பண்ணைக்குள் முற்றுகையிட்டனர். ஜனாதிபதி ஹரிசனின் ஆணைப்படி அமெரிக்கக் குதிரைப்படை விரைந்து வந்தது. அது காப்பாற்றியது மக்களையன்று, முற்றுகையிடப்பட்ட கூலிப்படையை. வழக்கு 1893 ஜனவரியிற் கைவிடப்பட்டது. தண்டனை பெற்றவர் ஒருவருமிலர்.

வரலாற்றில் மக்கள் திரண்டு நின்றனர். இலக்கியமோ அதனை எவ்வாறு மாற்றிற்று? விஸ்டரின் நாவலில் அம்மக்கள் கள்வராயினர். 1949இல் ஜாக் ஷேபர் எழுதிய 'ஷேன்' குடியானவர் பக்கம் நின்ற நேர்மையான நாவல். 1953இல் வந்த திரைப்படம் உலகப் புகழ் பெற்றது. பெரும்பண்ணையார் கூலிக்கு அழைத்துவந்த கொலையாளி அதில் உண்மையாகவே அஞ்சத்தக்கவனாகச் சித்திரிக்கப்படுகின்றான். எனினும் அவனை வெல்வது யார்? எங்கிருந்தோ வந்து எங்கோ மறையும் இன்னொரு துப்பாக்கி வீரன். குடியானவர் கூடிப் பேசுகின்றனர், அஞ்சுகின்றனர், காத்திருக்கின்றனர். இருநூறு பேரின் முற்றுகை ஒற்றை மனிதனின் கைவேகமாகச் சுருங்கிவிட்டது. அந்நாவலின் மனிதநேயத்தை நாம் மதிக்கின்றோம், இச்சுருக்கத்தை ஏற்கமாட்டோம். கெட்ட துப்பாக்கிக்கு நல்ல துப்பாக்கியே மருந்து என்று கற்கும் சிறுவன், ஈற்றில் துப்பாக்கியையே வணங்கக் கற்கின்றான். ஏலக்கூடத்தில் அறுபது இலட்சம் கொடுப்பவன் அச்சிறுவன் வளர்ந்த உருவமே.

5

இவ்வளவும் கடல்கடந்த கதை; எமக்கு இதனால் யாது பயன் என வாசகர் வினவலாம். எம் ஊருக்கு அணித்தே உள்ள தம்புள்ளை வழியாகத்தான், கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்து ஏழைகள் காடுகளைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் பலர். அவர்களின் பேரேடு எந்த ஏலத்திலும் காட்டப்படுவதில்லை. அதே தம்புள்ளையில் 1848 ஜூலையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டார். ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று ஆட்சியாளருட் பலர் தாமே கோப்பித் தோட்ட உடைமையாளராகவும் இருந்தனர் என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர்.

ஆனால் மலையகத்தின் அன்றாட அடக்குமுறை துப்பாக்கியால் நடத்தப்படவில்லை. இங்குதான் எமது கதை வயோமிங்கின் கதையினின்று வேறுபடுகின்றது. வேறுபடுமிடத்தை ஆராய்வதும் ஒப்பியலின் கடமை. கங்காணியின் கையிலிருந்த வலிய ஆயுதம் பிரம்பன்று, 'துண்டு'. தொழிலாளியின் கடனைக் குறித்த அச்சிறு காகிதம், அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்திற்கு அவனைக் குடும்பத்தோடு கைமாற்றிற்று. 1921ஆம் ஆண்டின் சட்டமே அம்முறையை ஒழித்தது. அதன் பின்னரும் பற்றுச்சீட்டும் செக்றோலும் அவனைப் பிணித்தன. 1948இல் குடியுரிமைச் சட்டம் என்னும் காகிதம் இலட்சக்கணக்கானோரை நாடற்றோராக்கியது. 1964இல் இன்னொரு காகிதம், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களை எண்ணிக்கையிட்டுப் பங்கிட்டது. ஒரு சுழல்துப்பாக்கியில் ஆறு குண்டுகள்தாம் கொள்ளும். இக்காகிதங்களுக்கு அவ்வெல்லை கிடையாது.

காகிதம் போதாதபோதே துப்பாக்கி வெளிவந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அன்று சுட்ட துப்பாக்கி எங்கே என எவரும் தேடுவதில்லை. அதற்கு ஏலவிலை கிடையாது. ஆனால் கோவிந்தன் என்ற பெயரைத் தொழிற்சங்க மேடைகள் மறக்கவில்லை. கொன்ற கருவி மறக்கப்பட்டு இறந்தவன் பெயர் நிலைபெற்ற இம்மரபு எமக்குப் பெருமை தருவது.

எமது இலக்கியமும் பெரும்பாலும் இப்பக்கமே நின்றிருக்கின்றது. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி'யின் மையம் வெள்ளைத் துரையல்லன்; மருதி. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்திலே பிறந்து, அம்மக்களின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்று, அவர்தம் நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர். கங்காணியின் கொடுமையைக் கொழுந்து கிள்ளும் பெண்ணே பாடிய அப்பாடல்களை, எரியவிருந்த குடிசைக்குள் சாம்பியன் எழுதிய குறிப்புக்கு நிகராகவே நாம் கருதுகின்றோம். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சிவப்புத் தேநீர்', இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்தது. அங்கும் மருந்துக்குப் பதில் மரணம் கிடைத்தோரின் பக்கத்திலிருந்தே கதை சொல்லப்படுகின்றது.

எனினும் ஒரு குறையை நாம் மறைக்கலாகாது. எமது கதைகளிலும் நாடகங்களிலும் கங்காணி பலவேளைகளில் முழுக் கொடியவனாகி, அவனுக்கு மேலே இருந்த கம்பனி கண்ணுக்குத் தெரியாது போய்விடுகின்றது. கங்காணியும், ஹோர்ணைப் போலவே, உழவர் குடியிற் பிறந்து வேறொருவரின் இலாபத்திற்காகத் தன் இனத்தானை அடக்கியவன். அவனை மன்னிக்க வேண்டும் என்பதன்று எமது கருத்து. அவனோடு கதை முடிந்துவிடக்கூடாது என்பதே. மீசை முறுக்கிய கங்காணியை மேடையில் வீழ்த்திவிட்டுக் கைதட்டி வீடு திரும்பும் அவையோர், லண்டனில் பங்கிலாபம் வாங்கியவனை ஒருபோதும் காண்பதில்லை. 1975இல் ஸ்டேர்லிங் கம்பனிகளின் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டன. 1990களில் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயத்து வாழ்வு இன்னும் முற்றாக ஒழியவில்லை. அடியாள் மறைந்தபின்னும் ஏவியது நிலைத்திருக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கீழேயே இருந்தன. 1970களிலேதான் அரசு அவற்றை முழுமையாகப் பொறுப்பேற்றது. தம்மை வைத்திருந்த நிருவாகத்தை மீறித் தொழிலாளியின் பிள்ளைக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் அங்கு இருந்தனர். மீறாது அடங்கியோரும் இருந்தனர். விஸ்டரின் நாவலில் நீதிபதியின் விளக்கத்தைக் கேட்டு இணங்கிய ஆசிரியை ஒரு பாத்திரம் மட்டுமல்லள்; எம்முள் ஒவ்வொருவர்க்கும் முன்னால் நிற்கும் சோதனை. 'அக்காலம் அப்படி', 'அவர்களும் வீரர்தாம்' என்று பாடநூல் கூறும்போது தலையசைப்பதா, பிள்ளையின் கேள்வியை வகுப்புக்குள் எடுத்து வருவதா என்பதே அச்சோதனை.

அடுத்த வாரம் அம்மாணவனைத் தேடி அழைத்தோம். துப்பாக்கியின் விலைக்குக் காரணம் அதனோடு சேர்த்து விற்கப்படும் கதையே என்று கூறி, வில்லி நிக்கெலின் வரலாற்றையும் கோவிந்தனின் வரலாற்றையும் வகுப்பில் எடுத்துரைத்தோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின், "சேர், அந்தப் பொடியன்ட சாமான் ஏதும் மிச்சம் இல்லியா?" என்று கேட்டான்.

சுட்டவனின் பொருளை மட்டுமே கண்டு வியந்தவன் சுடப்பட்டவனின் பொருளைத் தேடத் தொடங்கினான். அவன் தேடுவதைத் தருவதற்குரிய இலக்கியத்தை நாம் எழுதவும் கற்பிக்கவும் வேண்டும்.